வீல் லோடரின் பின்புறத்துக்கு லேசர் ஸ்கேனர்: சிக் எல்எம்எஸ்111 மதிப்புரை

ஜல்லியும் எம்-சாண்டும் தயாரிக்கும் கிரஷர் வளாகங்களில் காலை முதல் இரவு வரை ஓயாமல் இயங்குவது வீல் லோடர்தான். குவியலில் வாளியைக் குத்தி நிரப்பிக்கொண்டு பின்வாங்கி, திரும்பி, டிப்பரில் கொட்டிவிட்டு மறுபடியும் பின்வாங்கும் அதன் சுற்றில், ஒவ்வொரு வாளிக்கும் இரண்டு முறை பின்னோக்கி நகர வேண்டியிருக்கிறது. இன்ஜின், ரேடியேட்டர், வாளியின் பாரத்தைச் சமன் செய்யும் இரும்புக் கட்டியான கவுண்டர்வெயிட் ஆகிய மூன்றும் பின்புறத்திலேயே அடுக்கப்பட்டிருப்பதால், கேபினில் அமர்ந்திருக்கும் ஆபரேட்டருக்கு இயந்திரத்தின் நேர் பின்னால் உள்ள தரை சில மீட்டர் தூரம் வரை தெரிவதே இல்லை. ரிவர்ஸ் ஹாரன் இருக்கிறது. ஆனால் பல வண்டிகள் ஒரே நேரத்தில் அலறும் இடத்தில், தன்னை நோக்கி வருவது எந்த வண்டி என்பதை அந்த ஒலியை வைத்து யாராலும் சொல்ல முடியாது. இந்தக் குறையைத் தீர்ப்பதற்காக எங்கள் வளாகத்தின் லோடர் ஒன்றில் சிக் நிறுவனத்தின் எல்எம்எஸ்111 என்ற லேசர் ஸ்கேனரைப் பொருத்தி, ஒரு கோடையும் அதைத் தொடர்ந்த மழைக்காலமும் அதோடு வேலை பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். கருவியின் அளக்கும் திறனில் எனக்குக் குறை சொல்ல ஏதும் இல்லை. எந்த உயரத்தில், எந்தச் சாய்வில், எந்த மாதிரித் தரையில் அதை வேலை வாங்குகிறோம் என்பதைப் பொறுத்தே கொடுத்த பணத்துக்குப் பயன் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் அமைகிறது.

ஜெர்மனியில் வால்ட்கிர்ஷ் என்ற ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட சிக் நிறுவனம் 1946இல் தொடங்கப்பட்டது. ஆலைகளின் ஒளித்திரைகள், துறைமுகக் கிரேன்கள், சுங்கச்சாவடிகளில் வண்டிகளை வகை பிரிக்கும் அமைப்புகள் எனப் பல இடங்களில் அதன் கருவிகளைப் பார்க்கலாம். 2005இல் அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் ஓட்டுநர் இல்லாத வண்டிகளுக்கு நடந்த பந்தயத்தில் வென்ற ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வண்டி, தன் கூரையில் இந்த நிறுவனத்தின் பழைய தலைமுறை லேசர் ஸ்கேனர்கள் ஐந்தைச் சுமந்து சென்றது என்பது துறையில் உள்ளவர்கள் நன்கு அறிந்த செய்தி. எல்எம்எஸ்111 அந்தக் குடும்பத்தின் பிற்கால உறுப்பினர்; திறந்தவெளிக்கு என்று உருவாக்கப்பட்ட, சுமார் 1.1 கிலோ எடையுள்ள சிறிய பெட்டி. 10.8 முதல் 30 வோல்ட் வரையிலான நேர்மின்சாரத்தில் இயங்குவதால், 24 வோல்ட் பேட்டரி உள்ள கனரக வண்டிகளில் தனி மின்னழுத்த மாற்றி இல்லாமலே இணைக்க முடிகிறது.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. கண்ணுக்குத் தெரியாத 905 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர் துடிப்பைச் சுழலும் கண்ணாடி ஒன்றின் வழியாக வெளியே அனுப்பி, அது ஏதேனும் ஒரு பொருளில் பட்டுத் திரும்பி வர எடுக்கும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுகிறது. 10 மீட்டர் தொலைவில் உள்ள ஒன்றைத் தொட்டுவிட்டு ஒளி திரும்பி வர ஏறத்தாழ 67 நானோவினாடிதான் ஆகும் என்பதால், இந்தப் பெட்டிக்குள் நடக்கும் வேலையின் நுட்பத்தை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். கண்ணாடி வினாடிக்கு 25 அல்லது 50 முறை சுழன்று 270 டிகிரி அகலத்துக்கு அளக்கிறது. 25 முறை சுழலும்போது கால் டிகிரிக்கு ஒரு புள்ளியும், 50 முறை சுழலும்போது அரை டிகிரிக்கு ஒரு புள்ளியும் கிடைக்கின்றன. அளக்கும் எல்லை அரை மீட்டரில் தொடங்கி 20 மீட்டர் வரை. லேசர் முதல் வகுப்பைச் சேர்ந்தது என்பதால் எதிரே நிற்பவரின் கண்ணுக்கு ஊறு இல்லை. பொருத்திய முதல் வாரத்தில் வேலையாட்கள் கேட்ட முதல் கேள்வியும் அதுவாகவே இருந்தது. எனவே இதை ஆபரேட்டரிடம் மட்டும் சொன்னால் போதாது, வளாகத்தில் நடமாடும் எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும்.

அரை டிகிரி இடைவெளி என்றால் 10 மீட்டர் தொலைவில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் இருக்கும். லேசர்க் கற்றை அந்தத் தொலைவில் சுமார் 16 சென்டிமீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடுவதால், புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, ஒரு மனிதரின் கால் நடுவில் தப்பிப்போக இடமில்லை. அந்த விரிவுக்கு ஒரு விலையும் உண்டு: கற்றையின் ஒரு பாதி கம்பத்திலும் மறுபாதி அதன் பின்னால் உள்ள சுவரிலும் பட்டால் திரும்பி வரும் ஒளி இரண்டாகப் பிரிகிறது. எல்எம்எஸ்111 ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு எதிரொலிகளை, அதாவது பட்டுத் திரும்பி வரும் இரண்டு ஒளிகளை, மதிப்பிடுவதால் இந்தக் குழப்பம் பெருமளவுக்குத் தீர்ந்துவிடுகிறது. விற்பனையாளர்கள் 20 மீட்டர் என்ற எண்ணையே முன்னால் வைத்துப் பேசுகிறார்கள். தூசு நிறைந்த இடத்தில் வேலை செய்பவர் முதலில் கேட்க வேண்டியது எதிரொலிகளின் எண்ணிக்கையைத்தான்.

இனி உயரம். இந்த மதிப்புரையில் நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். எல்எம்எஸ்111 பார்ப்பது ஒரே ஒரு தளத்தை. தரைக்கு இணையாக ஒரு மெல்லிய தகட்டை விரித்தாற்போல, அந்த உயரத்தில் இருப்பது மட்டுமே அதற்குத் தெரியும். அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கன்வேயர் முனையும் கீழே கிடக்கும் பாறைத் துண்டும் அதைப் பொறுத்தவரை இல்லாதவை. முதலில் எங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட உயரம் ஒரு மீட்டர். நிற்கும் மனிதரின் இடுப்பில் படும் என்ற அளவில் அது சரியாகவே தோன்றும். ஆனால் கிரஷர் வளாகத்தில் ஆட்கள் எப்போதும் நின்றுகொண்டிருப்பதில்லை. உச்சி வெயிலில் நிறுத்தி வைத்த இயந்திரத்தின் நிழலில் குத்தவைத்து உட்காருவதும், டயரில் சாய்ந்தபடி தண்ணீர் குடிப்பதும், குனிந்து கல் பொறுக்குவதும் அன்றாடக் காட்சிகள். தரையில் உட்கார்ந்திருப்பவரின் உச்சந்தலைக்கு மேலே ஒரு மீட்டர் உயரத்துத் தளம் கடந்து போய்விடும். ஆகவே தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்துக்கு இறக்கினோம். அந்த உயரத்தில் நிற்பவரின் தொடையும் குந்தியிருப்பவரின் மார்பும் தளத்துக்குள் வருகின்றன. படுத்துக்கொண்டு அடிப்பாகத்தைப் பழுது பார்ப்பவர் அப்போதும் வரமாட்டார். வண்டியை நகர்த்தும் முன் கீழே இறங்கி ஒருமுறை சுற்றிப் பார்க்கும் வழக்கத்தை, இந்தக் கருவி வந்துவிட்டது என்று எந்த நிர்வாகமும் கைவிடக் கூடாது.

உயரத்தைக் குறைத்தால் வேறு தொல்லை தொடங்குகிறது. வாளி நிறைந்திருக்கும்போது லோடரின் எடை முன் அச்சுக்குச் சென்று பின்பகுதி சற்று மேலெழுகிறது. அதோடு ஸ்கேனரின் தளமும் மேல்நோக்கிச் சாய்கிறது; வாளி காலியாகிப் பின்பகுதி தாழும்போது தரையை நோக்கிச் சாய்கிறது. ஒரே ஒரு டிகிரி சாய்ந்தால்கூட 15 மீட்டர் தொலைவில் தளம் 26 சென்டிமீட்டர் மாறிவிடும். 60 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ள கருவி தரையை நோக்கி 2 டிகிரி சாய்ந்தால் 17 மீட்டரில் தரையைத் தொடுகிறது; 3 டிகிரி என்றால் 11 மீட்டரிலேயே தொட்டுவிடுகிறது. தரையைத் தொட்டவுடன் அங்கே ஏதோ தடை இருப்பதாக எச்சரிக்கை ஒலிக்கும். ஆகவே 20 மீட்டர் எட்டும் கருவியை வாங்கிவிட்டு 20 மீட்டருக்கும் எச்சரிக்கை எல்லையை (அதற்குள் ஏதேனும் வந்தால் ஒலிக்க வேண்டும் என்று நாம் வரையும் கோட்டை) வரைந்தால் நாள் முழுவதும் பொய் எச்சரிக்கையைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். எங்கள் தரைக்கு 9 மீட்டருக்குள் எல்லையை நிறுத்தியபோதுதான் அமைதி வந்தது.

சாய்தளம் இன்னும் கடினமானது. கல்லைக் கொட்டும் ஹாப்பருக்கு ஏறிச் செல்லும் மண் சாய்தளத்தில் 10 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், சமதரையில் நின்று அதை நோக்கிப் பின்வாங்கும் வண்டியின் ஸ்கேனருக்கு, சாய்தளம் தொடங்கும் இடத்திலிருந்து 6 மீட்டர் உள்ளே ஒரு சுவர் நிற்பதாகவே தெரியும். அதைத் தவிர்க்க எல்லையைச் சுருக்கினால் உண்மையான ஆளைக் கண்டுபிடிப்பதற்கான தூரமும் சேர்ந்து சுருங்கிவிடுகிறது. இதைவிட ஆபத்தானது மேலே ஏறிய பின் வருவது. சாய்தளத்தின் விளிம்பில் மண் அணை கரைந்து போயிருந்தால், அந்தப் பள்ளத்தைக் கிடைமட்டத் தளம் ஒருபோதும் காட்டாது. எதிரே ஏதாவது இருந்தால்தான் ஒளி திரும்பி வரும். வெற்றிடத்திலிருந்து எதுவும் வராது, வராதது எல்லாம் பாதை தெளிவாக இருக்கிறது என்றே பொருள் கொள்ளப்படும். பின்வாங்கி ஏறி ஹாப்பரில் கொட்டும் டிப்பர்களுக்கு இந்த ஸ்கேனரைப் பரிந்துரைக்கும் விற்பனையாளர் யாரேனும் வந்தால், விளிம்பை அது எப்படிப் பார்க்கும் என்று கேட்டுவிட்டுப் பிறகு பேச்சைத் தொடரலாம். விளிம்புக்குத் தேவை வலுவான மண் அணையும் சக்கரம் தாண்டாதபடி ஊன்றிய தடுப்பும்தான்.

வெப்பத்தைப் பற்றிக் கோடையில் எனக்கு மிகுந்த கவலை இருந்தது. வானிலை மையத்தின் அன்றாட வெப்பப் பட்டியலைப் பார்ப்பவர்களுக்குக் கரூர் பரமத்தியின் பெயர் அதில் எந்த வரிசையில் வரும் என்று தெரியும். கல் குவாரிகளும் அதே வட்டாரத்தில்தான் நெருக்கமாக இருக்கின்றன. எல்எம்எஸ்111க்கு அனுமதிக்கப்பட்ட வெப்பநிலை மைனஸ் 30 முதல் 50 டிகிரி செல்சியஸ் வரை. காற்றின் வெப்பம் 40ஐத் தாண்டும் நாளில், ரேடியேட்டர் மின்விசிறி வெளியே தள்ளும் சூடான காற்றும் கவுண்டர்வெயிட்டின் இரும்பு ஏற்கும் வெயிலும் சேர்ந்துகொண்டால் 50 என்பது எட்டாத உயரம் அல்ல. பெரும்பாலான லோடர்களில் கருவியை மாட்டுவதற்கு வசதியாகத் தோன்றும் இடம் ரேடியேட்டர் சல்லடையின் நடுப்பகுதி. அதுவே மிகத் தவறான இடம். சூடான காற்றோடு, அந்த மின்விசிறி தரைத் தூசையும் கிளப்பி நேராகக் கருவியின் முகத்தில் அடிக்கும். கவுண்டர்வெயிட்டின் கீழ்ப்பகுதியில், இரும்போடு நேரடியாக ஒட்டாமல் இடைவெளி விட்ட தாங்கியில், மேலே நிழல் தரும் தகடு ஒன்றோடு பொருத்திய பிறகு வெப்பத்தால் எங்களுக்கு எந்தத் தடங்கலும் ஏற்படவில்லை. அந்தத் தகட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு: குவியலின் மீது பின்புறம் உரசும்போது கல் முதலில் அதில் படும்.

இப்படி உள்ளே தள்ளிப் பொருத்துவதால் 270 டிகிரி முழுமையாகக் கிடைப்பதில்லை. இருபுறமும் இரும்பு மறைத்து, பார்வை 180 டிகிரிக்கு அருகில் நின்றுவிடுகிறது. வீல் லோடர் நடுவில் மடங்கித் திரும்பும் வண்டி என்பதால், திருப்பத்தில் பின்பகுதி பக்கவாட்டில் வீசி வரும் இடம்தான் ஆபத்து மிகுந்தது. நடுவில் மாட்டிய ஒற்றை ஸ்கேனருக்கு அந்த இடம் பாதிதான் தெரியும். இரண்டு மூலைகளிலும் ஒவ்வொன்று வைத்தால் தீரும். செலவும் இரட்டிப்பாகும். எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது. பக்கவாட்டுக்குப் பழைய கண்ணாடிகளையே நம்பியிருக்கிறோம்.

தூசு விஷயத்துக்கு வருகிறேன். எம்-சாண்ட் கொட்டும்போது எழும் வெண்படலம் லேசருக்குக் கிட்டத்தட்டத் திரையைப் போன்றது. 905 நானோமீட்டர் ஒளியின் அலைநீளத்தைவிடத் தூசுத் துகள்கள் பல மடங்கு பெரியவை. ஒளியை அவை எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கின்றன. மெல்லிய படலமாக இருந்தால் முதல் எதிரொலி தூசிலிருந்தும் இரண்டாவது எதிரொலி அதன் பின்னால் உள்ள உண்மைப் பொருளிலிருந்தும் வரும்; கருவி இரண்டாவதை எடுத்துக்கொள்ளும். படலம் அடர்ந்துவிட்டால் இரண்டாவது எதிரொலி திரும்பி வருவதே இல்லை. இது எல்லா லேசர் அளவிகளுக்கும் பொதுவான இயற்கை, இந்தக் கருவிக்கு மட்டும் உரிய குறை அல்ல. கருவியின் அமைப்புகளில் (செட்டிங்ஸ்) இரண்டு இடங்கள் இதற்கு உதவுகின்றன: ஒரு பொருள் தொடர்ந்து சில சுழற்சிகளில் தென்பட்டால் மட்டுமே எச்சரிக்க வேண்டும் என்று கால அளவை நீட்டலாம், குறிப்பிட்ட அகலத்தைவிடச் சிறிய எதையும் பொருட்படுத்த வேண்டாம் என்றும் சொல்லலாம். முதலாவதை அளவாகப் பயன்படுத்த வேண்டும். அரை வினாடி தாமதம் என்றால் 10 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி 1.4 மீட்டர் நகர்ந்துவிடும்.

எங்கள் ஆபரேட்டர் தொடக்கத்தில் ஒரு நாள் கேபினிலிருந்து இறங்கி வந்து, “சார், இது ஆளுக்கும் கத்துது, தூசிக்கும் கத்துது, நான் எதைத்தான் நம்புறது?” என்று கேட்டார். இத்தகைய அமைப்புகளின் மீது வைக்கக்கூடிய விமர்சனங்களில் இதைவிடச் சரியானதை நான் கேட்டதில்லை. அடிக்கடி பொய் சொல்லும் எச்சரிக்கையை மனிதர்கள் விரைவில் காதில் போட்டுக்கொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள், சிலர் ஒலிபெருக்கியின் மீது துணியைச் சுற்றிவிடுகிறார்கள். ஆகவே அமைப்புகளை முடிவு செய்யும்போது ஆபரேட்டரை அருகில் வைத்துக்கொண்டு, அவருடைய வழக்கமான சுற்றை முழுமையாக ஓட்டச் சொல்லி, எங்கெல்லாம் தேவையில்லாமல் ஒலிக்கிறது என்று அவர் வாயால் சொல்ல வைத்தே எல்லைகளை வரைய வேண்டும். இரண்டாவது முறை நாங்கள் அப்படித்தான் செய்தோம். வெளி எல்லையில் விளக்கு மட்டும் எரியும்படியும் உள் எல்லையில் மட்டும் ஒலி வரும்படியும் பிரித்தபோது, அவருடைய புகார் ஏறத்தாழ நின்றுபோனது. கொட்டும் இடத்தில் தண்ணீர் தெளிப்பதை முறைப்படுத்தியதும் எந்த அமைப்பு மாற்றத்துக்கும் குறையாத பலனைத் தந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மழைக்காலம் எதிர்பார்த்ததைவிட எளிதாகக் கழிந்தது. துளிகள் சிறியவை என்பதால் அகல வடிகட்டியில் அவை நின்றுவிடுகின்றன. மழையில் கவனிக்க வேண்டியது வேறு: நனைந்த பொருட்கள் இருண்டுவிடுகின்றன, திரும்பி வரும் ஒளியும் குறைகிறது. தன்மீது விழும் ஒளியில் 10 விழுக்காட்டை மட்டும் திருப்பும் பொருளை 18 மீட்டர் வரை காணலாம் என்பது தயாரிப்பாளர் தரும் அளவு. நனைந்த கறுப்பு ரப்பர், கிரீஸ் படிந்த கறுப்பு உடை போன்றவை அதற்கும் கீழே இறங்கக்கூடும் என்பதால், 9 மீட்டர் எல்லைக்குள் வேலையை நிறுத்திக்கொள்வது இந்தக் கோணத்திலும் அறிவுடைமை. பளபளக்கும் பட்டை ஒட்டிய பாதுகாப்பு மேலாடை லேசருக்கு மிக நன்றாகத் தெரியும். ஆனால் 60 சென்டிமீட்டர் உயரத்துத் தளம் மேலாடையில் படாது, கால்சட்டையில்தான் படும். பட்டை உள்ள கால்சட்டைகளுக்கு மாறுவது குறைந்த செலவில் கிடைக்கும் நல்ல மேம்பாடு.

எல்லைகளை எவ்வளவு தூரத்தில் வைப்பது என்பதற்குச் சிறு கணக்கு போதும். 10 கிலோமீட்டர் வேகம் என்பது வினாடிக்கு 2.8 மீட்டர். ஒலியைக் கேட்டு ஆபரேட்டர் பிரேக்கை மிதிக்க ஒன்றரை வினாடி ஆகும் என்று கொண்டால் அதற்குள் 4.2 மீட்டர் போய்விடும். வினாடிக்கு வினாடி 3 மீட்டர் வீதம் வேகம் குறைந்தால் நிற்பதற்கு மேலும் 1.3 மீட்டர் வேண்டும், மொத்தம் 5.5 மீட்டர். அதே கணக்கில் 20 கிலோமீட்டர் வேகத்துக்கு 13 மீட்டருக்கும் அதிகமாகத் தேவைப்படுகிறது. சேற்றுத் தரையில் இவை இன்னும் கூடும். எங்கள் எல்லை 9 மீட்டர் என்பதால், பின்வாங்கும் வேகத்துக்கும் ஒரு வரம்பு விதிக்க வேண்டியிருந்தது. வேகத்துக்கு வரம்பு வைக்காமல் ஸ்கேனரை மட்டும் வாங்குபவர் இந்தக் கணக்கில் பாதியைத்தான் போட்டிருக்கிறார்.

இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. எல்எம்எஸ்111 ஓர் அளவைக் கருவி. இயந்திரப் பாதுகாப்புத் தரங்களின்படி மனிதரைக் காக்கும் சாதனமாக அது சான்றளிக்கப்படவில்லை என்பதை அதன் கையேடே சொல்கிறது. அப்படிச் சான்று பெற்ற திறந்தவெளி ஸ்கேனர் வேண்டுமானால் அதே நிறுவனத்தின் அவுட்டோர்ஸ்கேன்3 இருக்கிறது. ஆனால் அதன் பாதுகாப்பு எல்லை 4 மீட்டர்தான். மேலே போட்ட கணக்கின்படி, ஒரு மனிதர் கேட்டுவிட்டு மிதிக்கும் பிரேக்குக்கு 4 மீட்டர் போதாது. வேகம் குறைந்த, பிரேக் தானாகவே பிடிக்கும் தானியங்கி வண்டிகளுக்குத்தான் அது பொருந்தும். சுரங்கத் துறையில் இத்தகைய அமைப்புகளை எச்சரிப்பவை, ஆலோசனை தருபவை, தாமே தலையிட்டு நிறுத்துபவை என்று படிப்படியாகப் பிரிப்பது வழக்கம். தென்னாப்பிரிக்கா தன் சுரங்கங்களில் டீசல் வண்டிகளுக்குத் தலையிட்டு நிறுத்தும் அமைப்பை 2022 டிசம்பர் முதல் சட்டமாகவே நடைமுறைப்படுத்தியது. மண் அள்ளும் இயந்திரங்களில் பொருட்களைக் கண்டறியும் அமைப்புகளுக்கு ஐஎஸ்ஓ 16001 என்ற தரம் இருக்கிறது. எதைக் காட்டி எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதை அது விளக்குகிறது. எங்கள் லோடரில் உள்ளது முதல் படியான எச்சரிக்கை மட்டுமே. அதை வேறு ஏதோவாகக் கருதிக்கொண்டு, பின்புறத்தில் நடமாட்டத்தைத் தடுக்கும் கயிற்றை யாராவது அவிழ்த்துவிட்டால், வளாகம் முன்பைவிட ஆபத்தானதாகிவிடும்.

பராமரிப்பில் சொல்ல அதிகம் இல்லை, ஆனால் சொல்ல வேண்டியவை முக்கியமானவை. முகப்பு உறையில் அழுக்கு படிந்தால் கருவி தானே அதை அளந்து அறிவிக்கிறது. இந்த அறிவிப்பை ஒரு விளக்கில் இணைத்துக் கேபினில் வைத்துவிடுவது நல்லது. கல்தூசு படிந்த உறையைக் காய்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழும். முதலில் காற்றால் ஊதி, பிறகு ஈரத் துணியால் மெல்ல ஒற்றி எடுக்க வேண்டும். ஐபி67 என்ற தரத்தைப் பார்த்துவிட்டு வாட்டர் சர்வீஸ் செய்பவர் உயர் அழுத்தக் குழாயை நேராகப் பிடித்துவிடுவார். ஐபி67 குறிப்பது சிறிது நேரம் நீரில் மூழ்கினாலும் உள்ளே நீர் புகாது என்பதைத்தான், பீய்ச்சி அடிக்கும் நீரைத் தாங்கும் என்பதை அல்ல. ஒரு பிளாஸ்டிக் மூடியைச் செய்து, சர்வீஸுக்கு முன் மாட்டிவிடும் வழக்கத்தை ஏற்படுத்தினோம்.

பொருத்திக் கொடுத்த உள்ளூர் ஒப்பந்ததாரரைப் பற்றி என்னால் மனம் நிறைந்து பேச முடியவில்லை. எச்சரிக்கை ஒலியை இயக்கும் கம்பி துண்டிக்கப்பட்டால் எதுவும் ஒலிக்காமல் அமைதியாக இருக்கும்படி அவர்கள் இணைப்பைக் கொடுத்திருந்தார்கள். கருவி நலமாக இருக்கும்போது மின்னோட்டம் பாயவும், பொருள் தென்பட்டாலோ கம்பி அறுந்தாலோ அது நிற்கவும் வேண்டும் என்பது இத்தகைய இணைப்புகளில் அடிப்படை விதி. கருவியின் வெளியீடுகள் அதற்கு வசதியாகவே அமைந்திருக்கின்றன; எங்கள் மின்பணியாளரே பின்னர் மாற்றி அமைத்தார். அமைப்புகளைச் செய்யும் சோபாஸ் என்ற மென்பொருள் மடிக்கணினியில் ஈதர்நெட் வழியாக இணைந்து, சுற்றுப்புறத்தின் வடிவத்தை நேரடியாகத் திரையில் காட்டுகிறது. பழகிவிட்டால் இனிமையானது, ஆனால் முதன்முறையாகத் திறப்பவருக்கு எண்ணற்ற பட்டியல்களுக்கு நடுவே எல்லை வரையும் பக்கத்தைத் தேடுவதே பெரிய வேலை. முடிவான அமைப்பைக் கோப்பாகச் சேமித்து இரண்டு இடங்களில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விலை இறக்குமதி வரியும் பொருத்தும் செலவும் சேர்ந்து சில லட்சங்களைத் தொடுகிறது. அந்தப் பணத்துக்கு ரேடார் எச்சரிக்கைத் தொகுப்புகளை ஒன்றுக்கும் மேற்பட்ட வண்டிகளுக்கு வாங்கிவிடலாம். தூசும் மழையும் ரேடாருக்குப் பொருட்டே இல்லை. ஆனால் எந்தத் திசையில், எவ்வளவு அகலத்தில் பொருள் இருக்கிறது என்பதை லேசரைப் போல அதனால் துல்லியமாகச் சொல்ல முடியாது. இரும்புத் தூண்களும் டிப்பர்களும் நெருங்கி நிற்கும் இடத்தில் எங்கும் எதிலும் பட்டுத் திரும்பிவந்து ஓயாமல் ஒலிக்கும். லேசரின் வலிமை அங்கேதான்: தூணுக்குச் சரியாக 20 சென்டிமீட்டர் உள்ளே எல்லையை வளைத்து வரைய முடிகிறது. நான்கு தளங்களில் 275 டிகிரிக்கு அளக்கும் எம்ஆர்எஸ்1000 போன்ற உயர்வகை ஸ்கேனர்கள் சாய்வுத் தொல்லையைப் பெருமளவு குறைக்கும் என்றாலும், அவற்றின் தரவைப் புரிந்துகொண்டு முடிவெடுக்கத் தனிக் கணினியும் அதை எழுதித் தரும் ஆளும் தேவைப்படக்கூடும். சிறிய கிரஷர் உரிமையாளருக்கு அது இப்போதைக்கு எட்டாது. ஜல்லி ஏற்றும் யார்டு, சிமென்ட் கிடங்கு, கன்டெய்னர் முற்றம் போன்ற சமமான, தளம் போட்ட தரையில் வேலை செய்யும் லோடருக்கு எல்எம்எஸ்111ஐத் தயங்காமல் வாங்கலாம். வெடி வைத்துக் கல் உடைக்கும் குழிக்குள் இறங்கும் வண்டிக்கும், சாய்தளத்தில் பின்னேறும் டிப்பருக்கும் ரேடாரும் கேமராவுமே முதலில். பணம் மிஞ்சினால் அதன்மேல் லேசரைச் சேர்க்கலாம்.

வாங்குவதென்று முடிவு செய்தவர்கள், கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் தங்கள் தரையிலேயே சோதனை நடத்தித் தரும்படி ஆர்டரில் எழுதிக்கொள்ளட்டும். கறுப்புத் துணி சுற்றிய பொம்மை ஒன்றை நிற்க வைத்தும் குத்தவைத்தும், நேர் பின்னாலும் இரண்டு மூலைகளிலும், வாளி காலியாக இருக்கும்போதும் நிறைந்திருக்கும்போதும், மாலை வெயில் கருவியின் முகத்தில் நேராக விழும் வேளையிலும், பக்கத்தில் ஒரு டிப்பர் எம்-சாண்ட் கொட்டும் வேளையிலும் காட்டச் சொல்ல வேண்டும். முகப்பு உறையின் உதிரி விலை, அது வந்து சேர ஆகும் காலம் இரண்டையும் அதே தாளில் வாங்கிக்கொள்ளலாம்.